பிளானல் போர்டில் பொங்கல் பானை

அங்கன்வாடியில் புதிதாகச் சேரும் பணியாளருக்கு முதல் மாதம் எல்லாரும் சொல்லித் தருவது கணக்கு வழக்கைத்தான். எடை எடுப்பது, உயரம் அளப்பது, போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுவது, முட்டைக் கணக்கு, சத்துமாவுக் கணக்கு. காலையில் பிள்ளைகள் பாயில் வந்து உட்கார்ந்த பிறகு அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் குறைவு. அதிலும் பண்டிகைக்கு முந்தைய வாரம் இன்னும் சிரமம். பிள்ளைகளின் உடம்பு மையத்தில் இருக்கும், மனசு புதுச்சட்டையிலும் பலகாரத்திலும் இருக்கும். அந்த வாரத்துக்குக் கைகொடுக்கும் இரண்டு விஷயங்கள் பாட்டும், துணி போர்த்திய பலகையில் படங்களை ஒட்டிக் கழற்றும் பிளானல் போர்டும். இரண்டையும் எப்படித் திட்டமிடுவது என்று பார்க்கலாம்.

2025-ல் தமிழ்நாடு முழுக்க 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பணியாளர் வேலைக்குப் பிளஸ் டூ தேர்ச்சி போதும். ஆசிரியர் பயிற்சி எதுவும் இல்லாமல் நேரே பிள்ளைகள் முன்னால் போய் நிற்கப்போகிறவர்கள் இதில் நிறையப் பேர். அவர்களையும், தனியார் நர்சரியில் எல்.கே.ஜி. எடுப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் தேனி மாவட்டம் கடமலைக்குண்டைச் சுற்றியவை. ஆண்டிபட்டி தாலுகா, வருசநாட்டு மலையடிவாரம், மூல வைகைப் பக்கம். வேறு ஊர்க்காரர்கள் ஊர்ப் பெயரையும் ஆற்றுப் பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்பேன். காரணம் கீழே வருகிறது.

கதைக்கு முன்னால் பொருள்

தீபாவளி என்றதும் நரகாசுரன் கதையை ஆரம்பிக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அசுரன் என்றால் பயம், வரம் என்றால் புரியாது. ‘முன்னொரு காலத்தில்’ என்பதற்கும் நேற்றைக்கும் வித்தியாசம் தெரியாத வயது அது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த தீபாவளி, எண்ணெய் தேய்க்கும்போது கண் எரிந்தது, அம்மா முறுக்குப் பிழிந்தது, டப்பாவை எட்டாத இடத்தில் வைத்தது. அங்கே தொடங்குங்கள்.

விதி இவ்வளவுதான்: ஒவ்வொரு பண்டிகையிலும் பிள்ளை கையால் தொட்ட ஒரு பொருள், காதால் கேட்ட ஒரு சத்தம், வீட்டில் பார்த்த ஒரு வேலை. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிட்டால் பாட்டும் விளையாட்டும் பாதி முடிந்த மாதிரி. பொங்கலுக்குப் பானை, ‘பொங்கலோ பொங்கல்’, அடுப்பு மூட்டுவது. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், கேரல் பாட்டு, வாசலில் விளக்குக் கட்டுவது. ரம்ஜானுக்குப் பிறை, பாங்கு, நோன்புக் கஞ்சி ஊற்றுவது. கதை சொல்ல ஆசைப்படுபவர்கள் நாலரை வயதுக்கு மேலுள்ளவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்லலாம்.

கையால் தொட்டுத்தான் இந்த வயது கற்கும் என்பதை உலகத்துக்கு அழுத்திச் சொன்னவர் மரியா மாண்டிசோரி. 1939-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி நடத்த வந்தவருக்கு, உலகப் போரால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை அவர் வேலை செய்தது நமக்குப் பக்கத்து மலையான கொடைக்கானலில். விலை உயர்ந்த சாமான் இல்லாமல், ஏழைக் குழந்தைகளின் குடியிருப்புக்கே பள்ளியைக் கொண்டுபோனவர்கள் மகாராஷ்டிரத்தின் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும். கோஸ்பாட் மலையில் பழங்குடிப் பிள்ளைகளோடு அவர்கள் வேலை செய்தபோது கூழாங்கல்லும் விதையும் இலையும்தான் பாடச் சாமான். 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே நடந்த வேலை இது. காசில்லை, அதனால் கற்பித்தல் பொருளும் இல்லை என்று சொல்லும் முன் இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊருக்கு என்று ஒரு காலண்டர்

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள். அதை ஓரமாக வைத்துவிட்டுத் தனியாகப் பண்டிகை நடத்தச் சொல்லவில்லை. அந்த மாதக் கருப்பொருளுக்குள் பண்டிகையை நுழைக்க வேண்டும். விலங்குகள் நடக்கும் நேரத்தில் மாட்டுப் பொங்கல் வந்தால் வேலை சுலபம்.

ஜூனில் ஒரு தினசரிக் காலண்டரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஆடிப் பதினெட்டு, சுதந்திர தினம், விநாயகர் சதுர்த்தி, சரஸ்வதி பூஜை, விஜயதசமி, தீபாவளி, நவம்பர் 14, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல், மாசி சிவராத்திரி, ரம்ஜான், சித்திரை. ரம்ஜான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும், ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். விஜயதசமியைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அன்றுதான் புதுப் பிள்ளைகள் வந்து சேரும். அம்மாவைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளையைப் பாய்க்கு இழுக்க, பேச்சை விடப் போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு யானைப் படம் நன்றாக வேலை செய்யும்.

மாசி சிவராத்திரியைப் பிற மாவட்டத்து வழிகாட்டிகள் சேர்க்க மாட்டார்கள். நாம் சேர்க்க வேண்டும். தேனி, உசிலம்பட்டிப் பக்கம் அன்று குடும்பம் குடும்பமாகக் குலசாமி கும்பிடப் போய்விடும். இரண்டு மூன்று நாள் மையத்தில் ஆள் இருக்காது. அதனால் அதற்கு முன் வாரம் புதிதாக எதுவும் தொடங்காதீர்கள். திரும்பி வந்த வாரத்தில் ‘பயணம்’ விளையாட்டு வையுங்கள். போர்டில் ஒரு பஸ், ஒரு வேன், ஒரு டிராக்டர், ஒரு மாட்டு வண்டி. நீ எதில் போன, யார் பக்கத்துல உட்கார்ந்த, வழியில என்ன பார்த்த? பேசாத பிள்ளைகூட அன்று பேசும்.

கிறிஸ்துமஸும் ரம்ஜானும் உங்கள் தெருவில் கொண்டாடப்படாவிட்டாலும் காலண்டரில் இருக்கட்டும். பனிமய மாதா கோயில் இருக்கும் ராயப்பன்பட்டியும், பள்ளிவாசல்கள் நிறைந்த உத்தமபாளையமும் கம்பமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

எல்லாப் பண்டிகைக்கும் சாமான் செய்ய முயன்றால் தீபாவளிக்குள் களைத்துப்போவீர்கள். முதல் வருடத்துக்கு நான்கு போதும். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், சித்திரை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். பண்டிகைக்கு முந்தைய வாரம் பாட்டு, பிந்தைய வாரம் பேச்சும் விளையாட்டும். பிந்தைய வாரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளையிடம் சொல்வதற்கு விஷயம் இருப்பது அப்போதுதான்.

போர்டு செய்யும் விதம்

டி.வி., பிரிட்ஜ் வரும் பெரிய அட்டைப்பெட்டி பாத்திரக் கடையிலோ எலெக்ட்ரிக்கல் கடையிலோ கேட்டால் கிடைக்கும். மூன்றடிக்கு இரண்டடியாக இரண்டு துண்டு வெட்டுங்கள். அட்டைக்குள் ஓடும் வரிகள் ஒன்றில் நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் இருக்கும்படி வைத்துப் பசை தடவி ஒட்டி, மேலே கனமான சாமான் ஏற்றி ஒரு இரவு விட்டால் வளையாத பலகை ரெடி. தெர்மாகோல் வேண்டாம். ஒரு மாதத்தில் பிள்ளைகள் கிள்ளிக் கிள்ளித் தின்று பார்த்துவிடும்.

மேலே போர்த்தும் துணியில்தான் சூட்சுமம். ஜவுளிக் கடையில் பிறந்த குழந்தைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும் பிளானல் துணி நல்லது. வெளிர் நிறம்தான் அதிகம் கிடைக்கும் என்பது குறை. படம் எடுப்பாகத் தெரிய அடர் பச்சையோ கருநீலமோ வேண்டும். பழைய கம்பளிப் போர்வை இருந்தால் அதுவே போதும். சோதனை எளிது: ஹார்டுவேர் கடையில் விற்கும் உப்புத்தாளில் முரடான ரகமாக ஒன்று வாங்கி, துணிமேல் வைத்து லேசாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். துணியைச் சாய்த்துப் பிடித்தாலும் தாள் நின்றால் அந்தத் துணி ஆகும். நைலான், சாட்டின் நிற்காது. துணியை இழுத்துப் பிடித்துப் பின்பக்கம் ஒட்டுங்கள். முன்பக்கம் பசை படக்கூடாது, பட்ட இடத்தில் படம் ஒட்டாது.

படங்களுக்கு எங்கும் போகவேண்டாம். ஜவுளிக்கடை நோட்டீஸ், பழைய காலண்டர், பழைய பாடப்புத்தகம், கல்யாணப் பத்திரிகை அட்டை. பெரியவர்களின் உள்ளங்கை அளவுக்குக் குறையாமல் வெட்டுங்கள். கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரியும், வாய்க்குள்ளும் போகாது. இரண்டு வயதுப் பிள்ளைகளும் கூடவே உட்காரும் இடம் என்பதால் பட்டன், பாசிமணி, ஜிகினாத் தூள் எதையும் ஒட்டாதீர்கள். படத்தின் பின்னால் மேலே ஒன்று, நடுவில் ஒன்று என விரலகல உப்புத்தாள் துண்டுகள். முழுசாக ஒட்டினால் பிஞ்சு விரல் உரசிச் சிவந்துவிடும்.

வருசநாடு பக்கம் இலவம் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. பொங்கல் நுரைக்கும் மேகத்துக்கும் அதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது. ஆனால் உதிரியாக வைத்தால் பறந்து மூக்கில் ஏறும். அட்டையில் பசை தடவி அழுத்தி ஒட்டி, மேலே மெல்லிய வலைத்துணி போட்டுத் தைத்தது மட்டுமே பிள்ளை கைக்குப் போகலாம்.

போர்டைச் சுவரில் செங்குத்தாக மாட்டாதீர்கள். கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, பிள்ளையின் மார்பு உயரத்தில் நிறுத்துங்கள். உங்கள் உயரத்தில் மாட்டினால் அது உங்கள் போர்டு, பிள்ளை வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான். தொடங்குமுன் மின்விசிறியை அணைக்க மறக்கவேண்டாம்.

நான்கு பண்டிகை, நான்கு விதம்

கீழே இருக்கும் பாட்டுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், உங்கள் ஊர்ப் பேச்சில் திருப்பிப் போடலாம். மழலையர் பாட்டு என்றால் அழ. வள்ளியப்பாவின் புத்தகங்களும் கவிமணியின் பாடல்களும் எப்போதும் கையில் இருக்கட்டும். ஆனால் போர்டு விளையாட்டுக்கு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு படம் ஏறும்படி அளந்து எழுதிய பாட்டு வேண்டும்.

பொங்கலுக்கு இது:

அடுப்புக் கல்லு மூணு – மேல
மஞ்ச கட்டின பானை ஒண்ணு
பச்சரிசி ரெண்டு கை – கொஞ்சம்
பாலும் ஊத்தி வை
புஸ்ஸு புஸ்ஸு நுரை – அது
பொங்கி நனையுது தரை
கையத் தட்டு ஆடு – நம்ம
பொங்கலோ பொங்கல் பாடு!

படம் ஏழு: மூன்று கல், பானை, அரிசி, பால், நுரை. முதல் நாள் நீங்கள் பாடிக்கொண்டே ஒட்டுங்கள். இரண்டாம் நாள் பாட்டு உங்களுடையது, கை பிள்ளைகளுடையது. கல் வைக்க மூன்று பேர், எண்ணிக்கொண்டே வைக்கட்டும். பானையை முதலிலேயே வைத்துவிட்டுக் கல்லுக்கு இடம் தேடும் பிள்ளையைத் திருத்தாதீர்கள். ‘பானை எங்க நிக்குது?’ என்று மட்டும் கேளுங்கள், அதுவே கழற்றி மாட்டும். மூன்றாம் நாளிலிருந்து ‘எது காணோம்?’ விளையாட்டு. எல்லாரும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒரு படத்தை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைப்பது. நுரையை எடுத்தால் உடனே கண்டுபிடிக்கும். மூன்று கல்லில் ஒன்றை எடுத்தால் யோசிக்கும். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அரிசி, கரும்பு, மஞ்சள், தேங்காய், தீப்பெட்டி, புதுத்துணி என்று படங்களைக் கலந்து கொடுத்து, தோட்டத்தில் வந்தது ஒரு பக்கம், கடையில் வந்தது மறுபக்கம் என்று பிரிக்கச் சொல்லலாம். தேங்காயை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு தகராறு நிச்சயம் வரும். நடக்கட்டும்.

இந்தப் பகுதிக்குப் பொங்கலில் இன்னொரு சங்கதி உண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக் பிறந்தநாள் ஜனவரி 15. பாலார்பட்டி போன்ற ஊர்களில் அன்று அவருக்கே பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 1895-ல் திறந்த அணையைப் பற்றி மூன்று வயதுக்கு என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல வேண்டாம், அணையைக் கட்டவைத்தால் போதும். போர்டின் குறுக்கே ஒரு நீல ரிப்பன், அட்டையில் வெட்டிய கற்கள், பச்சைத் துணியில் வயல்.

கல்லு மேல கல்ல வை
தண்ணிய நில்லுன்னு சொல்லி வை
கதவத் திறந்து விட்டாச்சு
கம்பம் வயலு நெல்லாச்சு!

ஊர்ப் பெயரை மாற்றச் சொன்னது இதற்காகத்தான். பெரியாற்றுத் தண்ணீர் இறங்குவது கம்பம் பள்ளத்தாக்கில். கடமலைக்குண்டுப் பிள்ளை அறிந்த ஆறு மூல வைகை. மழையில் புரண்டு வரும், கோடையில் மணலாகக் கிடக்கும். அந்தப் பிள்ளையிடம் கம்பம் வயலைப் பாடினால் அது யாருடைய வயலோ. அங்கே கடைசி இரண்டடி இப்படி இருக்கட்டும்:

மூல வைகை வந்தாச்சு
முழங்கால் நனைய நின்னாச்சு!

இரண்டு தண்ணீரும் போய்ச் சேருவது ஆண்டிபட்டிப் பக்கமிருக்கும் வைகை அணைக்கு. கம்பம் பக்கத்துக் கூடலூர் டீச்சரும் கடமலைக்குண்டு டீச்சரும் ஒரே பாட்டை இரண்டு விதமாகப் பாடுவதில் தப்பே இல்லை.

தீபாவளிக்கு ஒளித்து வைக்கும் விளையாட்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என ஐந்து டப்பாப் படங்கள் போர்டில். பிள்ளைகள் கண்ணை மூடியிருக்கும்போது ஏதாவது ஒரு டப்பாவுக்குப் பின்னால் முறுக்குப் படத்தைச் செருகுங்கள்.

முறுக்கே முறுக்கே வட்ட முறுக்கே
எந்த டப்பாவுல ஒளிஞ்சிருக்க?

ஒரு பிள்ளை நிறத்தைச் சொல்லும், அதுவே எழுந்துவந்து டப்பாவை எடுக்கும். இல்லையென்றால் எல்லாரும் ‘இங்க இல்லையே’ என்று கையை விரிப்பது. உலகத்தில் எந்த நூலகத்தின் குழந்தைப் பகுதிக்குப் போனாலும் இந்த விளையாட்டின் ஏதோ ஒரு வடிவம் இருக்கும். எலி, பூனை, முட்டை என்று ஒளிவது மாறும், அவ்வளவே. நிறம் கற்றுத்தர இதைவிட எளிய வழி கிடையாது. முறுக்கை ஒளிக்கும் வேலையையும் ஒரு வாரத்தில் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். பட்டாசைப் பாட்டில் கொண்டுவர வேண்டாம் என்பது என் கட்சி. படமாக வைத்தால், கூடவே ஒரு செருப்பும் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பெரியவரும் போர்டில் நிற்கட்டும்.

கிறிஸ்துமஸ் கழித்தலுக்கு. ஐந்து நட்சத்திரம் மேலே, ஐந்து வீடு கீழே.

அஞ்சு நட்சத்திரம் வானத்துல – ஒண்ணு
இறங்கி வந்துச்சு வாசலுல
யாரு வீட்டு வாசலுல?
மீனா வீட்டு வாசலுல!

மீனா என்ற இடத்தில் வந்திருக்கும் பிள்ளையின் பெயர். தன் பெயர் பாட்டில் வரும் என்று தெரிந்தால் வால் முளைத்த பிள்ளைகூட அடங்கி உட்காரும். பெயர் விட்டுப்போனால் மறுநாள் அம்மாவோடு வந்து கேட்கும், ஆகவே வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இதே நட்சத்திரங்களைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். ரம்ஜானுக்கு நிலாவின் பக்கத்தில் ஏறும். அதற்குக் கூடுதலாகச் செய்யவேண்டியது ஐந்து நிலாத் துண்டுகள், மெல்லிய பிறையிலிருந்து முழு வட்டம் வரை. சின்னதிலிருந்து பெரிசாக அடுக்குவது விளையாட்டு.

சித்திரைக்கு வீரபாண்டித் திருவிழா. கௌமாரியம்மன் கோயிலில் எட்டு நாள் நடக்கும் விழாவில் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது ராட்டினம். வட்ட அட்டை ஒன்று, நான்கு பெட்டிகள், பெட்டிக்குள் பிள்ளை முகங்கள். ‘மேலே மேலே’ என்று பாடும்போது எல்லாரும் எழுந்து நுனிக்காலில் நிற்பது, ‘கீழே கீழே’ என்றால் உட்காருவது. வரிகளை நீங்களே போடுங்கள், இந்நேரம் கை பழகியிருக்கும்.

இருபது நிமிடக் கணக்கு

மொத்தம் இருபது நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. அதில் உட்கார்ந்து கேட்கும் பகுதி ஏழெட்டு நிமிடம், மீதி எழுந்து ஆடுவது. தினமும் அதே பாட்டு. உங்களுக்குச் சலித்துப்போகும் நாளில்தான் பிள்ளைகளுக்குப் பாட்டு வசமாகும், அவசரப்பட்டு மாற்றாதீர்கள். போர்டில் ஒரே நேரத்தில் பத்துப் படத்துக்கு மேல் ஏற்றினால் எதைப் பார்ப்பது என்று தெரியாது.

இரண்டு வயதுக்காரர்களுக்குப் பாட்டின் ஒழுங்கெல்லாம் கிடையாது. போர்டின் கீழ் மூலையில் அவர்களுக்கென்று இரண்டு படம் விட்டுவிடுங்கள், ஒட்டிப் பிய்த்து ஒட்டிப் பிய்த்து விளையாடட்டும். ஆயாம்மா சமையலில் இருக்கும் நேரத்தைத் தவிர்த்து, அவர் கூட உட்காரக்கூடிய நேரமாகப் பாருங்கள். பாட்டை முதலில் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் அவர்தான், அழுகிற பிள்ளைக்கு இடுப்பில் வைத்துப் பாடுவதும் அவர்தான்.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. ‘யாருக்கெல்லாம் புதுச்சட்டை எடுத்தாங்க?’ கூலிக்குப் போகும் வீடுகள் நிறைந்த ஊரில், கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி தண்டனை. ‘காலைல என்ன சத்தம் கேட்டுச்சு?’, ‘கோலத்துல என்ன கலர்?’ என்று எல்லாரிடமும் பதில் இருக்கும் கேள்விகளைக் கேளுங்கள். அதேபோல எந்தச் சாமி, எந்தக் கோயில், எந்தத் தெரு என்று விசாரிக்காதீர்கள். மையத்தில் பக்திப் பாட்டு வேண்டாம், பானையும் நட்சத்திரமும் பிறையும் போதும். பொதுக் காசில் நடக்கும் இடத்தில் எந்த வீட்டுப் பிள்ளையும் விருந்தாளியாக உணரக்கூடாது.

உங்கள் நேரம், உங்கள் வேலை

சாமான் செய்ய நேரம் எங்கே என்பீர்கள். மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தைப் பதிவேடு விழுங்கிவிடுகிறது, உண்மைதான். தனியாகச் செய்வதால் வரும் சிக்கல் இது. அடுத்த செக்டார் மீட்டிங்கில் பக்கத்து மைய டீச்சர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பண்டிகை. கடமலைக்குண்டுக்காரர் பொங்கல் சாமானை நான்கு செட்டாக வெட்டட்டும், மயிலாடும்பாறைக்காரர் தீபாவளியை, வருசநாட்டுக்காரர் கிறிஸ்துமஸை, கண்டமனூர்க்காரர் சித்திரையை. ஒரே பானையை நான்கு முறை வெட்டுவது நான்கு வேறு பண்டிகைக்கு வெட்டுவதைவிடப் பாதி நேரம்தான். மாற்றிக்கொண்டால் வருடத்துக்கான சாமான் எல்லாரிடமும் இருக்கும். பண்டிகைக்கு ஒரு பெரிய கவர், கவரின் மேலேயே பாட்டும், உள்ளே எத்தனை படம் என்ற எண்ணிக்கையும். நீங்கள் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவர் கவரைப் பிரித்துப் பாடத் தொடங்கிவிடலாம்.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிராமத்து அங்கன்வாடிக்கு இன்று போட்டி, வாசலுக்கு வந்து ஏற்றிப்போகும் தனியார் நர்சரி வேன். ‘டீச்சர், எம்புள்ள இங்க என்னதான் படிக்கிறான்?’ என்று கேட்கும் தாய்க்கு, பிள்ளை வீட்டில் போய்ப் பாடிய பாட்டுதான் பதில். மாதந்தோறும் பெற்றோரைக் கூட்டி முன்பருவக் கல்வி நாள் நடத்தச் சொல்கிறார்கள் அல்லவா, அன்று நீங்கள் பேசாதீர்கள். பிள்ளையை அழைத்துப் போர்டில் பானை வைக்கச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் திடீரென வந்தாலும் அதே கவரை எடுக்கலாம். தனியார் பள்ளிக்கு வேலைக்கு முயல்பவர்கள் டெமோ வகுப்புக்கு இந்தப் போர்டையே சுருட்டக்கூடிய துணியாகத் தைத்து எடுத்துப்போகலாம். எல்லாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டும் இடத்தில் நீங்கள் முறுக்கைத் தேடவைத்தால் மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு பண்டிகை முடிந்ததும் போர்டை மட்டும், பிள்ளைகள் முகம் இல்லாமல், ஒரு புகைப்படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.

நான்கு கவர் தயாரிக்க நான்கு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பண்டிகை முதலில் வருகிறதோ அதைக் கையில் எடுத்து, இந்த வாரமே பக்கத்து மையத்து டீச்சருக்கு ஒரு போன் போடுங்கள்.